கொட்டாம்பட்டித் தராசு
(திருமங்கலத்தில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



திருமங்கலம் என்று வெளியூரில் சொன்னால் எதிரே இருப்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். 2009 ஜனவரி இடைத்தேர்தலுக்குப் பிறகு இந்த ஊர்ப் பெயரோடு 'ஃபார்முலா' என்ற சொல், ஓட்டுக்குப் பணம் என்ற பொருளில், ஒட்டிக்கொண்டது. நீங்கள் எவ்வளவு உதறினாலும் அது போவதாக இல்லை. நான் பேச வந்தது வேறொரு ஃபார்முலாவைப் பற்றி. அதுவும் மதுரை மாவட்டத்தில் பிறந்ததுதான். உலக வங்கி அதை வங்கதேசம் வரைக்கும் எடுத்துக்கொண்டு போனது. அங்கே அது எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று இங்கிலாந்தில் தத்துவப் பேராசிரியர் ஒருவர் இன்னொருவரோடு சேர்ந்து புத்தகத்தில் எழுதினார். பிறந்த மாவட்டத்தில்தான் அதைப் பற்றிப் பேச்சே இல்லை.

1980-ல் உலக வங்கி தமிழ்நாடு அரசுக்கு 3 கோடியே 20 லட்சம் டாலர் கடன் கொடுத்தது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று பெயர், அதிகாரிகள் டி.ஐ.என்.பி. என்பார்கள். திண்டுக்கல்லும் தேனியும் அப்போது மதுரை மாவட்டத்துக்குள்தான் இருந்தன. அவ்வளவு பெரிய மாவட்டத்தில் சோதனைக்கு முதலில் எடுத்தது மேலூருக்கு வடக்கே, திருச்சி ரோட்டில் இருக்கிற கொட்டாம்பட்டி ஒன்றியத்தை. அங்கிருந்து படிப்படியாக மாநிலத்தின் ஊரக ஒன்றியங்களில் ஏறத்தாழப் பாதிக்குப் பரவியது.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. அமெரிக்க அரசின் யூ.எஸ்.எய்ட் பணத்தில் சிட்னி கேன்டர் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் தமிழ்நாட்டு வீடுகளில் யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று ஆராய்ந்து 1973-ல் அறிக்கை கொடுத்தது. பிள்ளைகளுக்குச் சோறு போடுகிற திட்டங்களுக்கு அன்றைக்கே இங்கே பஞ்சமில்லை. 1956-லேயே காமராசர் பள்ளிக்கூடத்தில் மதிய உணவைத் தொடங்கிவிட்டார். ஆனால் நடக்கவும் தட்டை ஏந்தவும் தெரிந்த பிள்ளைதானே பந்திக்கு வரும்? ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையில் இருக்கிற பிள்ளை இடுப்பில் இருக்கும், இல்லாவிட்டால் தொட்டிலில் கிடக்கும், அதுவும் இல்லாவிட்டால் களை எடுக்கிற வயல் வரப்பில் மரத்தடியில் கிடக்கும். உடம்பும் மூளையும் வேகமாக வளர்கிற வயது அது. நோய் அதிகம் அடிக்கிற வயதும் அதுவே. டி.ஐ.என்.பி. குறி வைத்தது அந்தப் பிள்ளையை.

செய்முறை எளிது. அதே ஊர்ப் பெண் ஒருவரைப் பணியாளராக வைத்தார்கள். தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருப்பவராக இருந்தால் இன்னும் நல்லது. மாதத்துக்கு ஒருமுறை அந்த வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் எடை போட்டு அட்டையில் புள்ளி வைக்க வேண்டும். கோடு மேலே ஏறினால் தாயிடம் நல்லபடி நாலு வார்த்தை சொல்லி அனுப்பலாம். கோடு படுத்துவிட்டாலோ, பிள்ளை ஏற்கனவே மிக மெலிந்திருந்தாலோ தொண்ணூறு நாளைக்கு மையத்திலேயே சத்துருண்டை கொடுக்க வேண்டும். எல்லாருக்கும் கிடையாது, தேவைப்படுகிற பிள்ளைக்கு மட்டும்தான். அதனால் ஒரே நேரத்தில் உருண்டை வாங்குகிற பிள்ளைகள் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். தொண்ணூறு நாளில் அரைக் கிலோ ஏறினால் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஏறாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்ட வேண்டும். பணியாளர் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒருவர் என்று மேற்பார்வையாளர்களும் இருந்தார்கள். பணியாளருக்கு வேலைகள் கொஞ்சம், கண்காணிப்பு அதிகம். இந்தச் சேர்க்கையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்தத் தராசுக்குப் பக்கத்தில் போய் நிற்போம். எடை போடுகிற நாளில் பிள்ளை அழாவிட்டால்தான் ஆச்சரியம். தராசில் உட்கார வைத்ததும் காலை உதறும், முள் ஆடும். காலில் தண்டை, கையில் காப்பு, இடுப்பில் வெள்ளி அரைஞாண். கழற்றித் தாருங்கள் என்றால் கண்ணேறு படும் என்று பாட்டி தரமாட்டார். போன மாதம் தண்டையோடு ஏறிய பிள்ளை இந்த மாதம் தண்டை இல்லாமல் ஏறினால் நூறு கிராம் எங்கே போனது? அட்டையில் அது நோயாகத் தெரியும். உலக வங்கியின் வாஷிங்டன் அறிக்கையில் ஒரு சதவீதமாக நிற்கிற எண் இப்படித்தான், ஆடுகிற முள்ளை ஒரு பெண் உற்றுப் பார்த்து எழுதியதில் தொடங்குகிறது. புள்ளிவிவரத்தை நம்பக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பிள்ளைகளை எடை போடும்போது தண்டைக் கணக்கெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். அடித்துக்கொண்டு போகாத பிழைகள் வேறே இருக்கின்றன. அவைதான் ஆபத்து.

ஒன்றைச் சொல்கிறேன். திட்டம் எந்தப் பிள்ளையைத் தேர்ந்தெடுக்கிறது? எடை ஏறாத பிள்ளையை. ஏன் ஏறவில்லை? பல நேரம் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு நாம் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் நோய் விட்டதும் பசி எடுக்கும், எடை ஏறும். ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் நல்ல உடம்புள்ள பிள்ளை ஆண்டுக்கு இரண்டரைக் கிலோ வரை ஏறும். மூன்று மாதத்துக்கு அறுநூறு கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, மிகத் தாழ்ந்த இடத்தில் பிடித்த பிள்ளை தொண்ணூறு நாள் கழித்து அரைக் கிலோ ஏறியதென்றால், அதில் உருண்டையின் பங்கு எவ்வளவு, இயற்கையின் பங்கு எவ்வளவு? மையத்தின் பதிவேடு இதைச் சொல்லாது. பதிவேட்டில் எல்லாம் உருண்டையின் கணக்கில்தான் ஏறும். 'பயன்பெற்றவர்களில் இத்தனை சதவீதம் பேர் தேறினர்' என்று எந்தத் திட்ட அறிக்கையில் படித்தாலும், தேறுகிற நேரம் பார்த்துத்தான் ஆளைச் சேர்த்தார்களா என்று கேளுங்கள். சுயதொழில் கடனுக்கும் இது பொருந்தும், திறன் பயிற்சிக்கும் பொருந்தும்.

அப்படியானால் உண்மையான பயனை எப்படித்தான் அறிவது? உங்கள் ஊர்க் கால்வாயை வைத்தே சொல்லலாம். திருமங்கலம் பிரதானக் கால்வாயின் கீழ் ஒருபோகப் பாசனம் 19,439 ஏக்கர் என்று தண்ணீர் திறப்பு அறிவிப்புகளில் படிக்கிறீர்கள். பெரியாறு-வைகைப் பாசனத்தைச் சீரமைக்க 1970-களின் பிற்பகுதியில் உலக வங்கிக் கடன் வந்தது. அந்தப் பணம் எவ்வளவு நெல்லானது? பணிக்கு முந்திய விளைச்சலையும் பிந்திய விளைச்சலையும் கழித்துப் பார்க்கலாம் என்றால், முந்திய ஆண்டு வறட்சியாக இருந்திருக்கும், பிந்திய ஆண்டு மழை கொட்டியிருக்கும். கால்வாய் நஞ்சையைக் கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசலோடு ஒப்பிடலாம் என்றால், மண்ணே வேறு, பயிரே வேறு. பருத்தி போடுகிறவரிடம் போய் உமக்கு நெல் விளைச்சல் குறைவு என்று சொன்னால் அவர் என்ன சொல்வார் என்பதை நான் மேடையில் சொல்ல முடியாது. கேட்க வேண்டிய கேள்வி இது: இதே வயல், இதே ஆண்டு, இதே மழை. கால்வாய்ப் பணி மட்டும் நடக்காமல் இருந்திருந்தால் என்ன விளைந்திருக்கும்? அப்படி ஒரு வயல் எங்கும் இல்லை. இல்லாத அந்த வயலுக்கு முடிந்த மட்டும் நெருங்கிய ஒரு வயலைத் தேடிப் பிடிப்பதுதான் மதிப்பீட்டாளரின் வேலை முழுவதும்.

டி.ஐ.என்.பி.க்கும் அப்படித் தேடினார்கள். மாநில அரசின் மதிப்பீட்டுத் துறையே திட்டத்துக்கு முன்னும் நடுவிலும் முடிவிலும் கணக்கெடுத்தது. திட்டம் வராத ஒன்றியங்களையும் சேர்த்துப் பார்த்தது. அன்றைய இந்தியாவில் அது பெரிய காரியம். ஆனால் நடுவில் 1982 ஜூலை 1 வந்துவிட்டது. திருச்சிக்குப் பக்கத்தில் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து சோறு, மாநிலம் முழுக்க, திட்டம் இருந்த ஒன்றியம், இல்லாத ஒன்றியம் என்ற வித்தியாசமில்லாமல். ஊருக்கு நல்லது நடந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த ஊர் மட்டும் கெட்டுப்போனது. இதற்காக எம்.ஜி.ஆரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆய்வு நடக்கிறது, ஐந்தாண்டுக்குப் பிள்ளைகள் பசியோடு இருக்கட்டும் என்று எந்த முதலமைச்சராலும் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது.

இருந்தும் முடிவு சொன்னார்கள். கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் குறைந்ததாகத் திட்ட மதிப்பீடுகள் கூறின. மிதமான ஊட்டக்குறைவில் அவ்வளவு அசைவு இல்லை. 1990-லிருந்து 1997 வரை நடந்த இரண்டாம் கட்டம் அந்த மிதமான குறைவையும் குறி வைத்தது, அதில் இலக்கை எட்டவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது, முதல் கட்டம் நிச்சயம் வேலை செய்தது, ஆனால் சொல்லப்பட்ட அளவு முழுவதும் அதன் கணக்கில் சேராது. எண்பதுகளில் திட்டம் இல்லாத இடங்களிலும் பிள்ளைகளின் நிலை மெல்லத் தேறிக்கொண்டுதான் இருந்தது.

இங்கே ஒரு நிமிடம் தோப்பூரைப் பார்த்துவிட்டு வருவோம், பக்கத்தில்தானே இருக்கிறது. எய்ம்ஸ் மருத்துவமனைக்கு 2019 ஜனவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஜப்பானின் ஜைக்கா கடன். முதல் அணி மாணவர்கள் 2022-ல் ராமநாதபுரத்தில் உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தார்கள். கட்டடம் எப்போது முடியும் என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். கேட்க வேண்டியதுதான். ஆனால் முடிந்த கட்டடம் வேறு, அதனால் பேரையூர்க்காரர் ஒருவர் மாரடைப்பில் பிழைப்பது வேறு. முதலாவதை என்ஜினியர் அளந்துவிடுவார். இரண்டாவதை யார் அளப்பது என்பதைத் திட்டம் தொடங்குகிற அன்றே முடிவு செய்திருக்க வேண்டும். கணக்கெடுப்பு பிந்தினால், திட்டத்துக்கு முன் நிலைமை எப்படி இருந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

சரி, வங்கதேசம். டி.ஐ.என்.பி.யின் பெயர் பரவியதும் அதே மாதிரியில் 1995-ல் அங்கே ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதே எடை, அதே அறிவுரை, ஊர்ப் பெண்ணே பணியாளர். 2003-ல் சேவ் தி சில்ட்ரன் அமைப்பின் பிரிட்டன் கிளை, திட்டம் இருந்த பகுதிக்கும் இல்லாத பகுதிக்கும் பிள்ளைகளின் நிலையில் சொல்லும்படியான வேறுபாடு இல்லை என்று அறிக்கை வெளியிட்டது. பெரிய வாக்குவாதம் எழுந்தது. உலக வங்கியின் சுயேச்சையான மதிப்பீட்டுப் பிரிவு 2005-ல், பயன் இருந்தது, ஆனால் எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு என்றது. காரணங்களில் ஒன்றுதான் பிறகு புகழ்பெற்றது. திட்டம் அறிவுரை சொன்னது தாயிடம். அங்கே பல ஊர்களில் சந்தைக்குப் போய்ச் சாமான் வாங்குவது ஆண். வீட்டில் பங்கு வைப்பது மாமியார். தாய்க்கு எல்லாம் தெரியும், செய்யக் கையில் அதிகாரம் இல்லை. கொடுத்த உணவும் சில வீடுகளில் எல்லாருக்கும் பங்காகிவிட்டது. நான்சி கார்ட்ரைட், ஜெரமி ஹார்டி இருவரும் 2012-ல் எழுதிய நூலில் இதை முக்கிய உதாரணமாக எடுத்துக்கொண்டார்கள். ஓரிடத்தில் பலித்ததென்றால் எதைப் பிடித்துக்கொண்டு அங்கே பலித்தது என்று கேள்; அந்தப் பிடிமானம் அடுத்த இடத்திலும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போ என்பது அவர்கள் வாதம்.

வாதம் சரி. மாமியார் கதையில்தான் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். மாமியார் மேல் பழி போட்டால் எந்த நாட்டிலும் கைதட்டல் கிடைக்கும், அதனாலேயே எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'பிள்ளை பெருத்தால் பிரசவம் கஷ்டம், அளவாகச் சாப்பிடு' என்று கர்ப்பிணிக்குச் சொல்கிற வீடு நம் பக்கம் இல்லையா? இருக்கிறது. இருந்தும் ஒரு வித்தியாசம் உண்டு. டிம் டைசன், மிக் மூர் என்ற இருவர் 1983-ல் வடஇந்தியக் குடும்பத்தையும் தென்னிந்தியக் குடும்பத்தையும் ஒப்பிட்டு எழுதிய கட்டுரை இன்றும் பேசப்படுகிறது. வடக்கே பெண்ணைத் தூரத்து ஊரில், அறியாத வீட்டில் கொடுக்கிறார்கள். தெற்கே அத்தை மகனுக்கும் தாய்மாமனுக்கும் கட்டுகிற வழக்கம். உசிலம்பட்டியிலும் செக்கானூரணியிலும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. மாமியார் சொந்த அத்தை, இல்லாவிட்டால் சொந்தப் பாட்டி. பிறந்த வீடு பக்கத்து ஊர். கோபம் வந்தால் பஸ் ஏறிவிடலாம். பெண் தானே சந்தைக்குப் போகிறாள், தன் கூலியைத் தானே வாங்குகிறாள். டி.ஐ.என்.பி. அட்டையில் எங்கும் எழுதாத உதவி இது. திட்டத்தின் செலவுக் கணக்கில் இது இல்லை, அதனால் ஏற்றுமதிப் பெட்டியிலும் இது போகவில்லை.

இதைக் கேட்டு நாம் பெருமைப்பட்டுக்கொண்டே வீட்டுக்குப் போக முடியாது. அதே எண்பதுகள், அதே மாவட்டம். 1986-ல் இந்தியா டுடே பத்திரிகை உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை வெளியே கொண்டுவந்தது. டி.ஐ.என்.பி.யின் எடை அட்டை ஆறாம் மாதத்தில்தான் தொடங்கியது. அதற்குள் போய்விட்ட பிள்ளைக்கு அட்டை இல்லை. அட்டை இல்லாத பிள்ளை சராசரியில் வராது. தராசில் ஏறிய பெண் பிள்ளைகளை மட்டும் பார்த்துவிட்டு நிலைமை தேறுகிறது என்று ஒருவர் முழு மனதோடு எழுதலாம்; அந்த எண்ணில் ஒரு பிழையும் இருக்காது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டாத ஆண்டிலும் சராசரி விளைச்சல் அழகாக இருக்குமே, அந்த மாதிரி.

இன்றைக்கு மதிப்பீடு என்றாலே குலுக்கல் முறைதான் முன்னால் வருகிறது. நூறு ஊரில் குலுக்கிப் போட்டு ஐம்பதுக்குத் திட்டம், ஐம்பதுக்கு இப்போதைக்கு இல்லை. சீட்டு விழுந்த ஊருக்கும் விழாத ஊருக்கும் பாரபட்சம் கிடையாது என்பதால் இரண்டையும் தைரியமாக ஒப்பிடலாம். இந்த வழியைப் பரப்பியதற்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் 2019-ல் நோபல் பரிசு பெற்றார்கள். தமிழ்நாட்டிலேயே 640 அங்கன்வாடிகளில் கார்த்திக் முரளிதரன் குழுவினர் இப்படி ஓர் ஆய்வு நடத்தினார்கள். பாதி மையங்களுக்கு அரைநாள் வேலைக்கு இன்னொரு பெண்ணைக் கூடுதலாகக் கொடுத்து, அவர் பிள்ளைகளுக்குப் பாடம் மட்டும் சொல்லித் தரட்டும் என்றார்கள். படிப்பு உயர்ந்தது, அது எதிர்பார்த்ததுதான். கூடவே வளர்ச்சிக் குறைவும் கடும் ஊட்டக்குறைவும் குறைந்தன. பாடச் சுமை இறங்கியதும் பழைய பணியாளருக்குப் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கவனிக்க நேரம் கிடைத்துவிட்டது.

எனக்கு இதில் கொட்டாம்பட்டி தெரிகிறது. அன்றைய பணியாளருக்கு வேலை கொஞ்சம், கண்காணிப்பு அதிகம் என்று முதலில் சொன்னேனே, டி.ஐ.என்.பி.யை ஐ.சி.டி.எஸ். என்ற மத்திய அரசின் குழந்தை வளர்ச்சித் திட்டத்தோடு இணைத்த பிறகு அந்தச் சேர்க்கை கலைந்தது. இன்றைக்கு ஒரே பணியாளர் பாடம், சமையல் மேற்பார்வை, எடை, வீடு பார்த்தல், செல்போன் செயலியில் பதிவு, தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி வேலை என்று எல்லாம் பார்க்கிறார். ஆனாலும் குலுக்கல் ஆய்வை மட்டும் தனியாக நம்ப நான் தயாரில்லை. 640 மையங்களில் பலித்தது என்பதை அது உறுதியாகச் சொல்லும். மேற்பார்வை இல்லாத இன்னொரு மாநிலத்தில் அந்த இரண்டாவது பெண் வேலைக்கு வருவாரா என்பதை அது சொல்லாது. அதற்கு அந்த மாநிலத்துக்காரர்களைத்தான் கேட்க வேண்டும்.

அதனால்தான் இந்தப் பேச்சைப் பல்கலைக்கழகத்தில் வைக்காமல் இங்கே வைத்துக்கொண்டோம். கடன் கொடுத்தவர் அனுப்புகிற மதிப்பீட்டாளர் கார் பிடித்து வந்து, பார்த்து, போய்விடுவார். நீங்கள் இங்கேயே இருப்பவர்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாள்களில் கிராமசபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில், அங்கன்வாடியில் எத்தனை பேர் பயன்பெற்றார்கள் என்று கேட்காதீர்கள். அந்த எண்ணை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். போன மாதம் இரண்டு வயதுக்கு உட்பட்ட எத்தனை பிள்ளைகளை எடை போடவில்லை என்று கேளுங்கள். கிராம சுகாதாரச் செவிலியரிடம் பிறப்புப் பதிவு இருக்கிறது, அங்கன்வாடியில் எடைப் பதிவு இருக்கிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்து, ஒன்றில் இருந்து மற்றொன்றில் இல்லாத பெயர்களைத் தனித்தாளில் எழுதுங்கள். செங்கல் சூளைக்குப் போன குடும்பம் இருக்கும், காலனியிலிருந்து மையம் தூரம் என்று வராத தாய் இருப்பார், வந்தால் ஏச்சு விழுகிறது என்று நின்றுபோனவரும் இருப்பார். பணியாளரை அந்தத் தாளைக் காட்டி மிரட்ட வேண்டாம். மிரட்டினால் அடுத்த மாதம் எல்லாப் பிள்ளைக்கும் அட்டையில் எடை ஏறியிருக்கும், தராசு மட்டும் மூலையில் இருக்கும். தாளை எடுத்துக்கொண்டு அந்த வீடுகளுக்கு அவரோடு நீங்களும் போய் வாருங்கள்.

கேள்வி இருப்பவர்கள் கேட்கலாம். மேலூர்ப் பக்கமிருந்து வந்திருக்கும் பெரியவர்கள் யாராவது அந்தக் காலத்தில் மையத்தில் வேலை பார்த்திருந்தால், முதலில் அவர்கள் பேசட்டும்.